ஒரு ரசீது அறிக்கையில் இரண்டு முறை வருவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கும் நேரத்தில் பினாங்கு, செபராங் பிறை வட்டாரத்துச் சங்கங்களுக்கும் ஆலயச் செயலவைகளுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். உறுப்பினர் பட்டியல், உபயக்காரர் விவரம், கட்டட நிதி, சந்தா எல்லாம் இப்போது கணினித் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பதிவு சரியாகவே இருந்தும், அறிக்கை எடுக்கும்போது வசூல் தொகை வங்கியில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரே பெயர் மூன்று முறை வரும். உடனே யாரோ பணத்தில் கை வைத்துவிட்டார்கள் என்றோ, பதிவு செய்த பிள்ளை கவனக்குறைவாக இருந்தது என்றோ பேச்சு கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் தவறு அட்டவணைகளைச் சேர்த்த குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது. மனிதர்மேல் பழி போடுமுன் அதைப் பார்க்க வேண்டும்.

குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எக்செலில் பழகியவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. எக்செலின் விலுக்கப் என்ற தேடல் சூத்திரம் ஓர் எண்ணைத் தேடும்போது, முதலில் கிடைக்கும் பொருத்தத்தை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதே எண் கீழே இன்னும் நான்கு வரிகளில் இருந்தாலும் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. அட்டவணைகளைச் சேர்க்கும் எஸ்கியூஎல் ஜாயின் அப்படியல்ல. பொருந்தும் ஒவ்வொரு வரியையும் கொண்டுவரும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் நான்கு என்றால் விடை நான்கு வரி. அது பிழையல்ல, ஜாயினின் இயல்பே அதுதான்.

ஓர் உறுப்பினரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர் எண் 118. தொலைபேசி அட்டவணையில் அவருக்கு இரண்டு வரி: வீட்டு எண் ஒன்று, கைப்பேசி எண் ஒன்று. நன்கொடை அட்டவணையில் மூன்று வரி: ஜனவரியில் 50 வெள்ளி, ஏப்ரலில் 50 வெள்ளி, அக்டோபரில் 100 வெள்ளி. ஆக மொத்தம் 200 வெள்ளி. இப்போது உறுப்பினர், தொலைபேசி, நன்கொடை மூன்றையும் உறுப்பினர் எண்ணை வைத்து ஒரே குவெரியில் சேர்த்தால் எத்தனை வரி வரும்? ஐந்து அல்ல, ஆறு. இரண்டு தொலைபேசிக்கும் மூன்று நன்கொடைக்கும் தங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாததால், ஒவ்வொரு தொலைபேசியும் ஒவ்வொரு நன்கொடையோடும் ஜோடி சேர்கிறது. தொகையைக் கூட்டினால் 400 வெள்ளி. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரின் பெயரும் வேண்டும் என்று நான்காவது அட்டவணையையும் சேர்த்தால் 12 வரி, 800 வெள்ளி. அவர் கொடுத்தது 200 வெள்ளிதான்.

இதில் சராசரியை நம்பிவிடக் கூடாது. 118-க்குச் சராசரி நன்கொடை கேட்டால், வரிகள் பெருகிய பிறகும் 66 வெள்ளி 67 சென் என்றுதான் வரும், ஏனென்றால் எல்லாத் தொகையும் ஒரே அளவில் பெருகியிருக்கின்றன. மிகப் பெரிய தொகை, மிகச் சிறிய தொகை இரண்டும்கூட மாறாது. ஆகவே அவற்றைப் பார்த்து “அறிக்கை சரி” என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் எல்லா உறுப்பினரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் கணக்கு சாய்ந்துவிடும். ஒரு தொலைபேசி வைத்திருப்பவரின் நன்கொடை ஒரு மடங்கு எடையும், மூன்று தொலைபேசி வைத்திருப்பவரின் நன்கொடை மூன்று மடங்கு எடையும் பெறும்.

இரட்டிப்பைக் கண்டதும் பலர் செய்வது, வரிகளை எடுக்கும் செலக்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்ட் என்ற சொல்லைச் சேர்ப்பது. வரிகள் குறைந்துவிடும், திரை சுத்தமாகத் தெரியும். இதைத்தான் நான் மிகவும் வருந்தி எதிர்க்கிறேன். 118-இன் பெயரையும் தொகையையும் மட்டும் டிஸ்டிங்ட் போட்டு எடுத்தால் இரண்டு வரிதான் மிஞ்சும்: ஒரு 50, ஒரு 100. ஜனவரி 50-ம் ஏப்ரல் 50-ம் வேறு வேறு நன்கொடை என்பது டிஸ்டிங்டுக்குத் தெரியாது. கேட்ட பத்திகள் (நெடுவரிசைகள்) ஒன்றாக இருந்தால் வரியும் ஒன்று என்றே அது எடுத்துக்கொள்ளும். இப்போது மொத்தம் 150 வெள்ளி. முன்பு அவர் கொடுக்காத பணம் கணக்கில் ஏறியது, இப்போது அவர் கொடுத்த பணம் காணாமல் போகிறது. சம் என்ற கூட்டலுக்குள்ளேயே டிஸ்டிங்ட் போடுவது இன்னும் மோசம். கட்டட நிதிக்கு எத்தனை பேர் 50 வெள்ளி கொடுத்திருந்தாலும் மொத்தத்தில் ஒரே ஒரு 50 மட்டும் ஏறும்.

ரசீது எண்ணையும் சேர்த்து டிஸ்டிங்ட் போட்டு, அந்த விடையின்மேல் கூட்டினால் 200 சரியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் வரிகளைப் பெருக்கிவிட்டுப் பிறகு அவற்றை வரிசைப்படுத்திக் களைய வைப்பது கணினிக்கு வீண் வேலை. தவிர, அடுத்த மாதம் யாராவது அந்தக் குவெரியில் இன்னொரு பத்தியைச் சேர்த்தால் இரட்டிப்பு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். டிஸ்டிங்டுக்கு உரிய இடம் வேறு. உறுப்பினர்கள் எந்தெந்தத் தாமான்களில் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு பெயரும் ஒரு முறை வருவதுதான் கேள்விக்கான விடை. அங்கே தாராளமாகப் போடலாம்.

இதன் வேர் பழையது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் உறவுமுறைத் தரவுத்தளத்தைக் கணிதத்தின் கணக் கோட்பாட்டின் மேல் கட்டினார். கணம் என்ற தொகுப்பில் ஓர் உறுப்பு இரண்டு முறை இருக்க முடியாது. அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் அறிமுகப்படுத்திய மொழிதான் பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது. அந்த எஸ்கியூஎல், நாம் கேட்டாலொழிய இரட்டை வரிகளைக் களைவதில்லை. களைய வேண்டுமானால் எல்லா வரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதோடு, இரண்டு 50 வெள்ளியை இரண்டாகவே எண்ணுவதுதான் கூட்டலுக்குத் தேவை. ஆகவே பொறுப்பு குவெரி எழுதுபவரிடம் வந்து சேர்கிறது.

எழுதத் தொடங்குமுன் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும்: “விடையில் ஒரு வரி என்பது ஒரு ______.” கோடிட்ட இடத்தில் உறுப்பினரா, ரசீதா, குடும்பமா, மாதமா? அது தெளிவாகாமல் ஜாயின் எழுதவே கூடாது. பிறகு, சேர்க்கப்போகும் ஒவ்வொரு அட்டவணைக்கும் அதே கேள்வி. ஒரு வரி ஓர் உறுப்பினர் என்று விடையைத் தீர்மானித்திருந்தால், ஓர் உறுப்பினருக்குப் பல வரி வைத்திருக்கும் எந்த அட்டவணையையும் அப்படியே சேர்க்கக் கூடாது. முதலில் அதை உறுப்பினருக்கு ஒரு வரியாகச் சுருக்க வேண்டும், அப்புறம்தான் சேர்க்க வேண்டும். நன்கொடைக்கு அது இப்படி இருக்கும்:

செலக்ட் உ.எண், உ.பெயர், கோலெஸ்(ந.மொத்தம், 0)
ஃப்ரம் உறுப்பினர் உ
லெஃப்ட் ஜாயின்
(செலக்ட் உறுப்பினர்_எண், சம்(தொகை) அஸ் மொத்தம்
ஃப்ரம் நன்கொடை
குரூப் பை உறுப்பினர்_எண்) ந
ஆன் ந.உறுப்பினர்_எண் = உ.எண்

உ என்பது உறுப்பினர் அட்டவணைக்கும், ந என்பது அடைப்புக்குள் கிடைக்கும் விடைக்கும் இட்ட சுருக்கப் பெயர். அடைப்புக்குள் இருக்கும் உட்குவெரி குரூப் பை கொண்டு நன்கொடைகளை உறுப்பினருக்கு ஒரு வரியாக மடித்துவிடுகிறது. வெளியே ஜாயின் நடக்கும்போது ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்த முடியும், பெருகுவதற்கு வழியே இல்லை. லெஃப்ட் ஜாயின் போட்டிருப்பதால் ஒன்றுமே கொடுக்காதவரும் பட்டியலில் இருப்பார், கோலெஸ் அவருக்குப் பூச்சியம் காட்டும். இந்த ஆண்டு நன்கொடை மட்டும் வேண்டுமென்றால் தேதி நிபந்தனையை உட்குவெரிக்குள்ளேயே வைக்க வேண்டும். நன்கொடை அட்டவணையை நேரடியாக லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு அதன் தேதிக்கு வெளியே, வரிகளை வடிகட்டும் வேர் என்ற கட்டளைச் சொல்லால் நிபந்தனை போடுபவர்கள் உண்டு. கொடுக்காதவருக்குத் தேதி வெற்றாக இருக்கும், வெற்று (நல்) எந்தத் தேதி ஒப்பீட்டிலும் தேறாது, அவர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவார்.

தொலைபேசி எண்களும் வேண்டுமானால் அவற்றையும் இதேபோல் தனி உட்குவெரியில் மடிக்கலாம். இரண்டு எண்ணையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டுக் கோக்க மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் குரூப் கான்கேட், போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வர் 2017 முதலும் ஸ்ட்ரிங் ஆக் இருக்கின்றன.

அழைப்பிதழ் முகவரிப் பட்டியலில் நடக்கும் தவறு சற்று வேறு. “கடந்த ஆண்டு உபயம் எடுத்தவர்கள் எல்லாருக்கும் அழைப்பு” என்றால், உபய அட்டவணையிலிருந்து நமக்கு ஒரு பத்திகூடத் தேவையில்லை. எடுத்தாரா இல்லையா என்பது மட்டும்தான் தேவை. அங்கே ஜாயின் எதற்கு? ஐந்து உபயம் எடுத்தவருக்கு ஐந்து அழைப்பிதழ் அச்சாகும். வேரில் எக்சிஸ்ட்ஸ் போட்டு, உபய அட்டவணையில் இந்த உறுப்பினர் எண் இருக்கிறதா என்று கேட்டால் போதும். ஆம் அல்லது இல்லை என்ற விடை மட்டுமே வருவதால் உறுப்பினர் வரி பெருகாது. மறுபுறம், உபயம் எடுக்காதவர்களைக் கேட்கும்போது நாட் இன் வேண்டாம், நாட் எக்சிஸ்ட்ஸ் போடுங்கள். உபய அட்டவணையில் ஒரே ஒரு வரியில் உறுப்பினர் எண் வெற்றாக இருந்தாலும் நாட் இன் ஒருவரைக்கூடக் காட்டாது.

ஒருவருக்குப் பல முகவரி இருந்து, கடைசியாகப் பதிந்தது மட்டும் வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். பலர் மேக்ஸ் போட்டுக் கடைசித் தேதியைக் கண்டுபிடித்து, அதை மறுபடி முகவரி அட்டவணையோடு சேர்க்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முகவரி பதிவாகியிருந்தால் இரண்டும் வந்துவிடும். வரிகளுக்கு வரிசை எண் இடும் ரோ நம்பர் பயன்படுத்துவதே பாதுகாப்பு: பார்ட்டிஷன் பை உறுப்பினர்_எண், ஆர்டர் பை பதிவு_தேதி டெஸ்க், முகவரி_எண் டெஸ்க். டெஸ்க் என்றால் புதியது முதலில் வரும் இறங்கு வரிசை. பிறகு வரிசை எண் 1 உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். அந்த முகவரி எண்ணை விட்டுவிடக் கூடாது. தேதி சமமாக இருக்கும்போது எது முதலில் என்று அதுதான் தீர்க்கிறது. அது இல்லாவிட்டால் இன்று ஒரு முகவரியும் நாளை வேறொன்றும் வரலாம். மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முந்திய பதிப்பில் ரோ நம்பர் கிடையாது. பழைய சர்வரில் அது வேலை செய்யவில்லையென்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

இனி, சேர்க்கும் சாவியிலேயே, அதாவது அட்டவணைகளைப் பொருத்தும் பத்தியிலேயே வரும் கோளாறுகள். நம்மிடையே மிகுதியாக நடப்பது பெயரை வைத்துச் சேர்ப்பது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயரில், தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருவர் இருப்பது ஒரு பெரிய சங்கத்தில் சாதாரணம். அப்படி இருவர் உறுப்பினர் அட்டவணையிலும், ஆளுக்கு ஒன்றாக இரண்டு வரி சந்தா அட்டவணையிலும் இருந்தால் விடை நான்கு வரி, ஒவ்வொருவரின் சந்தாவும் மற்றவர் கணக்கிலும் ஏறும். அதே நேரம், ஓர் இடத்தில் “ஏ/எல்” என்றும் இன்னோர் இடத்தில் சாய்கோடு இல்லாமலும் எழுதப்பட்டிருந்தால் பொருந்த வேண்டியது பொருந்தாமல் போகும். 12 இலக்க அடையாள அட்டை எண் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் மேல்தான், ஆனால் ஓர் அட்டவணையில் இடைக்கோட்டோடும் மற்றதில் இல்லாமலும் இருப்பது வழக்கமான தொல்லை. அதை எண்ணாகச் சேமித்தால் 2005-இல் பிறந்த பிள்ளையின் முதல் பூச்சியம் காணாமல் போகும். எழுத்து வகையாகவே சேமியுங்கள். சங்கம் தானாகக் கொடுக்கும் உறுப்பினர் எண்ணை வைத்துச் சேர்ப்பதே நல்லது. அடையாள அட்டை எண் எல்லா அறிக்கையிலும் சுற்றாமல் இருப்பது தனிமனிதப் பாதுகாப்புக்கும் உகந்தது.

இரண்டாவது, பாதிச் சாவியில் சேர்ப்பது. தமிழ்ப்பள்ளி மாணவர் பட்டியலில் இதைக் காணலாம். “4 வள்ளுவர்” என்ற வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். வகுப்பு அட்டவணையில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுக்கும் மூன்று வரி. மாணவரை வகுப்புப் பெயரால் மட்டும் சேர்த்தால் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று முறை, மூன்று வகுப்பாசிரியரின் பெயரோடு வரும். ஆன் நிபந்தனையில் வகுப்பும் ஆண்டும் இரண்டுமே இருக்க வேண்டும். அட்டவணையின் சாவி இரண்டு பத்தியால் ஆனதென்றால் இரண்டையும் எழுதியே தீர வேண்டும்.

மூன்றாவது, தேதி வரம்பு. சந்தா 24 வெள்ளியிலிருந்து 36 வெள்ளிக்கு உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டண அட்டவணையில் பழைய கட்டணம் 1.1.2025 வரை, புதிய கட்டணம் 1.1.2025 முதல் என்று பதிந்திருந்தால், அந்த நாளில் சந்தா கட்டியவர் இரண்டு கட்டணத்தோடும் பொருந்துவார். தேதி வரம்பு கேட்கும் பிட்வீன் இரு முனையையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். தொடக்கத் தேதிக்குச் சமம் அல்லது அதற்குப் பிறகு, முடிவுத் தேதிக்கு முன்பு என்று பிரித்து எழுதினால் ஒரு நாள் ஒரே கட்டணத்துக்குள் அடங்கும். புத்தாண்டு தினத்தில் சந்தா கட்டுகிறவர்கள் நிறைய என்பதால் இந்தப் பிழை சின்னதாக இருப்பதில்லை.

ஏற்கெனவே எழுதிய குவெரியில் இரட்டிப்பு வந்துவிட்டால், முழுவதையும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. முதல் அட்டவணையை மட்டும் வைத்து கவுண்ட்(*), அதாவது வரி எண்ணிக்கை எடுங்கள். 640 உறுப்பினர் என்றால் 640 வர வேண்டும். பிறகு ஒரு லெஃப்ட் ஜாயினை மட்டும் சேர்த்து மறுபடி எண்ணுங்கள். 640 அப்படியே நின்றால் அந்த ஜாயின் சுத்தம், அடுத்ததற்குப் போங்கள். எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அந்த அட்டவணைதான் காரணம். அதை மட்டும் தனியே எடுத்து, சேர்க்கும் பத்தியில் குரூப் பை செய்து, ஹேவிங் கவுண்ட்(*) > 1 என்று கேட்டால் எந்தெந்த எண் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது நியாயமான பன்மையா, ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிட்டார்களா என்று அப்போதுதான் சொல்ல முடியும். முன்னது என்றால் குவெரியை மாற்ற வேண்டும். பின்னது என்றால் பதிவைத் திருத்தி, அந்தப் பத்திக்கு ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு போட்டுவிட வேண்டும், அடுத்த முறை கணினியே மறுக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் யூனிக் இருந்தாலும் வெற்று மதிப்புகள் எத்தனை வேண்டுமானாலும் நுழையும். ஆகவே வெற்றை மறுக்கும் நாட் நல் சேர்த்தே போடுங்கள்.

இரண்டு முகப்பு ரசீதுப் பட்டியல்களைக் கீழும் மேலுமாக ஒட்டுவோர்க்கு ஒரு சொல். யூனியன் ஒரே மாதிரி வரிகளைத் தானாகக் களையும், யூனியன் ஆல் களையாது. ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு முறை 10 வெள்ளிக்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்திருந்து, ரசீது எண் பட்டியலில் இல்லையென்றால், யூனியன் ஒன்றை விழுங்கிவிடும். பணக் கணக்கில் யூனியன் ஆல், கூடவே ரசீது எண்.

பொருளாளர்களும் கணக்காய்வாளர்களும் குவெரி எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை கொண்டுவரும் பிள்ளையிடம் மூன்று எண்களை அறிக்கையின் அடியில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நன்கொடை அட்டவணையை எதனோடும் சேர்க்காமல் எடுத்த மொத்தத் தொகை ஒன்று. அதே அட்டவணையின் ரசீது எண்ணிக்கை ஒன்று. அறிக்கைக் குவெரியில் ரசீது எண்ணின் கவுண்ட்டும், அதற்குள் டிஸ்டிங்ட் போட்ட கவுண்ட்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது மூன்றாவது. முதல் இரண்டும் அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும், மூன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். தொகை மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஏனென்றால் ஒரு 50 வெள்ளி இரட்டித்து இன்னொரு 50 வெள்ளி விடுபட்டாலும் மொத்தம் மாறாது. ஒரு சென் வேறுபட்டாலும் அறிக்கையை அச்சுக்கு அனுப்பாமல், மேலே சொன்னபடி ஜாயின்களை ஒன்றொன்றாக எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து அட்டவணை உள்ள அறிக்கைக்கு அது ஒரு மாலை நேர வேலைதான்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பணியில் உள்ள வாசகர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.